டீச்சர் மறந்து வைத்த காந்தம்

போன மாதம் எங்கள் கவரைப்பேட்டை அங்கன்வாடிக்குப் பெட்டி நிறையக் கலர் காந்தக் கட்டைகள் வந்தன. பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டக்கென்று ஒட்டும் அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் குணசுந்தரி டீச்சரின் அட்டை மீன்கள்தான் ஞாபகம் வருகின்றன.

டீச்சர் பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அட்டையில் மீன் வெட்டி, வாயில் இரும்புக் கிளிப் மாட்டி, நூல் முனையில் குட்டிக் காந்தம் கட்டித் தூண்டில் செய்வார். எது ஒட்டும், எது ஒட்டாது என்று பிள்ளைகள் ஊரையே சோதிப்பார்கள். இரும்பு மில்லிலிருந்து வரும் அப்பாக்களின் பேன்ட் மடிப்பில் தங்கிய இரும்புத்தூளைக்கூட விடமாட்டார்கள். ஆயாம்மாவான நான்தான் கத்துவேன். அந்த அட்டைத் துண்டுகளைப் பெருக்கி மாளாதே!

ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள், ஒரு தூண்டிலில் காந்தத்தைக் காணோம். மூன்று வயசு மதன் எதையும் வாயில் போடுகிறவன். "முழுங்கினியாடா?" என்றேன். தலையாட்டினான். லாரியை முழுங்கினாயா என்றாலும் ஆட்டுவான், அது வேறு விஷயம். அவன் அம்மா ஹேமாவதி ஓடிவந்து, "எம் புள்ளைக்கு இன்னானா ஆச்சுன்னா உன்ன சும்மா வுடமாட்டேன்!" என்று டீச்சர்மேல் பாய்ந்தாள்.

நானும் சேர்ந்துகொண்டேன். "அப்பவே தலபாடா அடிச்சிக்கினேன் டீச்சர், இந்த வெளாட்டுலாம் வோணாம்னு."

டீச்சர் மீன்களையெல்லாம் வாரிக் குப்பைக்கூடையில் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நின்றது.

நாலு வயசு சிஃபா மட்டும் மிச்சமிருந்த ஒரு தூண்டிலோடு தேடிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியையும் மரப்பலகையையும் திரும்பியும் பார்க்கவில்லை. பீரோ, ஜன்னல் கம்பி, அப்புறம் சமையலறை.

"இரும்புலதான் ஒட்டிக்கினு இருக்கும் டீச்சர்... தோ!"

கேஸ் சிலிண்டரின் சுவர்ப்பக்கம், சிலிண்டர் மாற்றிய தேதிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தது காந்தம். நூல் அறுந்து கிடந்ததைக் காலையில் எடுத்து நான்தான் ஒட்டிவிட்டு மறந்திருந்தேன். சீட்டில் என் கிறுக்கல்.

டீச்சர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். சீட்டைக் கசக்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"நாந்தாம்மா மறந்து வச்சிட்டேன், மன்னிச்சிக்கோ" என்றார் ஹேமாவதியிடம்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

டீச்சர் ரிட்டயர் ஆகிப் பழவேற்காட்டுக்கே போய்விட்டார். நேற்று ஹேமாவதி இளையவளைச் சேர்க்க வந்தாள். காந்தக் கட்டைகளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அந்த மறதி டீச்சர் இப்ப இல்லல்ல?"

"மறதி அவங்களுக்கு இல்லம்மா" என்றேன். "எனக்குத்தான்."