குலசேகரத்தில் ஒரு பச்சைப் புள்ளி

நான் வேலை செய்யும் ஜெர்மானிய நகரத்தில் யாராவது ஒற்றைக் கையுறையைத் தவறவிட்டால், கண்டெடுத்தவர் அதைப் பக்கத்து வேலிக்கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். ஒரு வாரம் கழித்துப் போனாலும் அது அங்கேயே இருக்கும். பிப்ரவரி மாதத்தில் சில தெருக்களில் வேலிகளெல்லாம் கைநீட்டிக்கொண்டு நிற்கும். வந்த புதிதில் இதைப் படமெடுத்து ஊரிலுள்ள எல்லோருக்கும் அனுப்பி, பார், இதுவல்லவா நாடு என்று புல்லரித்தேன். அதே நகரத்தின் நூலகத்தில், போன வருடம், காபி இயந்திரம்வரை போய்த் திரும்புவதற்குள் என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒற்றைக் கையுறை யாருக்கும் உதவாது, அதனால்தான் அது வேலியில் தொங்குகிறது என்கிற ஞானம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

தொலைந்த கருவியைத் தேடும் செயலி ஒன்று என் போனில் உண்டு. திறந்து பார்த்தேன். நூலகத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின்மேல் பச்சைப் புள்ளி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. காவல் நிலையத்துக்கு ஓடினேன். இளம் அதிகாரி ஒருவர் நாற்காலி கொடுத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, கடைசியாக "ஃபெர்டாஹ்ட்" உண்டா என்றார். அந்தச் சொல்லில் எனக்குப் பிடிபட்டது "டாஹ்" மட்டும். டாஹ் என்றால் கூரை. அந்தக் கட்டடத்தின் அடையாளம் கேட்கிறார் போலும் என்று, "ஆமாம், சிவப்பு" என்றேன். அவர் கேட்டது யார்மீதாவது சந்தேகம் உண்டா என்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிவப்பு நிற ஆளா, சிவப்புக் கட்சி ஆளா என்று கேட்கவும் அவருக்குச் சங்கடம். பிறகு விளக்கினார்: அந்தக் கட்டடத்தில் ஏகப்பட்ட வீடுகள், புள்ளிக்குக் கதவு எண் தெரியாது, புள்ளியை நம்பி எல்லோர் வீட்டு மணியையும் அடிக்க முடியாது, முக்கியமாக, நீங்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. சில வாரங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. விசாரணை முடிக்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. நான் அதைக் கோப்பில் போட்டு வைத்தேன். இந்த நாட்டில் லேப்டாப் இல்லாமல் வாழ்ந்துவிடலாம், கோப்பு இல்லாமல் முடியாது.

நான் ஷைனி. சொந்த ஊர் புதுக்கடை. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலி. ஊரில் எனக்கு ஜெபின் என்று ஒரு தம்பி. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பான். இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறைக்குப் போனபோது என் பழைய லேப்டாப்பை அவனுக்குக் கொடுத்தேன். அதிலிருந்து என் கணக்கை நீக்க அவனுக்குச் சோம்பல், எனக்கு ஆர்வமில்லை. அதனால் அவன் லேப்டாப் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் என் போனில் ஒரு பச்சைப் புள்ளியும் போகும். லேப்டாப் மூடிக் கிடந்தாலும், அதே கம்பெனி போன் வைத்திருக்கும் யாராவது பக்கத்தில் போனால் போதும், அந்தப் போன் உரியவருக்கே தெரியாமல் இடத்தைச் சொல்லிவிடும். விலையுயர்ந்த அந்தப் போனுக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறாரே. ஆராதனைக்குப் போனேன் என்று தம்பி அம்மாவிடம் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைகளில் புள்ளி பரோட்டாக் கடையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் பெருந்தன்மையாக இருந்திருக்கிறேன்.

சென்ற மே மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ஊரில் ஒன்றரை. தொண்ணூற்றொரு வயதான லேமன் அம்மாளுக்குக் காலுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஜெபின் அழைத்தான்.

"எக்கா, போச்சு."

"என்னத்தலே போச்சு?"

"எல்லாம் போச்சு. ரெண்டு கேமராவும், லேப்டாப்பும். பேக்கோட காணல்ல. சோறு திங்கப் போனேன் எக்கா, பத்து நிமிசம். ஒரு மணிக்கூரா தேடியாச்சு."

கடியப்பட்டணத்துப் பெண்ணின் கல்யாணம். கோயிலில் தாலி கட்டு முடிந்து, பக்கத்து மண்டபத்தில் விருந்து. மேடைக்குப் பின்னால் நாற்காலியில் வைத்த பையைக் காணவில்லை. காலையிலிருந்து எடுத்த ஒவ்வொரு படமும் அந்தப் பைக்குள் இருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், பெண்ணின் அப்பா சேவியர் கல்யாணத்துக்கு வரவில்லை. தோஹாவில் வெல்டர். கடைசி நேரத்தில் விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள். தாலி கட்டும்போது வீடியோ அழைப்பில் இருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து அழைப்பு உறைந்துபோய், பாதி மூடிய கண்ணோடு அவர் முகம் திரையில் நின்றுவிட்டதாம். மகள் கல்யாணத்தை அவர் பார்க்க வேண்டுமென்றால் ஜெபினின் படங்கள்தான் வழி.

ஜெபினின் கையிலிருந்து போனை யாரோ பிடுங்கினார்கள். பெண்ணின் அம்மா ரெஜினாள். மீன் வியாபாரம் செய்பவர், கடற்கரையில் ஏலம் கேட்டுப் பழகிய குரல்.

"ஏட்டி, நீ இவனுக்க அக்காவா? படம் இல்லேங்கி நான் என்ன செய்யட்டு? பின்னயும் கோயிலத் தொறக்கச் சொல்லித் தாலி கெட்டச் சொல்லணுமா?"

நான் செயலியைத் திறந்தேன். பச்சைப் புள்ளி குலசேகரத்தைத் தாண்டி, ரப்பர்த் தோட்டங்களின் நடுவே ஒரு வீட்டின்மேல் இருந்தது. பத்து நிமிடத்துக்கு முந்தைய தகவல். "அம்மா, குலசேகரத்தில நிக்கு" என்றேன். என் வாயில் ஊர்ப்பேச்சு வந்து நெடுநாளாகியிருந்தது.

முதலில் காவல் நிலையம். அங்கே ஓய்வுபெற ஒரு வருடம் மிச்சமிருந்த ஏட்டு ஒருவர் இருந்தார். ஜெபின் போனை அவரிடம் கொடுத்தான்.

"நீங்க எங்க இருந்தும்மா பேசுதீங்க?"

"ஜெர்மனியில இருந்து சார்."

"அங்க இருந்து பாத்தா குலசேகரம் தெரியுதாக்கும்?"

"லேப்டாப்பு தெரியுது சார்."

"எங்க கேமராவுல ரோட்டுல போற ஆளே தெரியமாட்டேங்கு" என்று பெருமூச்சு விட்டார். புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கதவு எண் கேட்கவில்லை. யார் வீட்டு மணியை அடிப்பது என்ற சட்டச் சிக்கல் அவருக்கு எழவே இல்லை. அங்கே மணி கிடையாது, முற்றத்தில் நின்று கூப்பிடுவதுதான். பூ ஒட்டிய கல்யாணக் காரில் ஏட்டையா, ஜெபின், பட்டுச்சேலையோடு ரெஜினாள். மகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு, "அவளுக்கு இனி மாப்பிள உண்டுல்லா" என்று சொல்லிவிட்டு ஏறினாராம்.

நான் போனை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, அறைக்கு அறை போய் மாத்திரை கொடுத்தபடி வழி சொன்னேன். வீடியோவை எட்டிப்பார்த்த லேமன் அம்மாள், பூ வைத்த காரையும் பட்டுச்சேலையையும் கண்டு, கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவர்கள் எங்கே போகிறார்கள்? "டீப்" தேடுகிறார்கள் என்றேன். டீப் என்றால் திருடன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "லீப்" என்று கேட்டிருக்கிறது. அது அன்புக்குரியவர். "ஆஹா, எவ்வளவு அழகான வழக்கம்" என்று கண்கலங்கினார். நான் திருத்தவில்லை.

புள்ளி காட்டிய வீட்டில், கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே சௌதியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் பனியனோடு நின்றார். ரெஜினாள் கேள்வி கேட்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தார். நேரே உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் பார்த்தார். ஷீட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். சௌதிக்காரரின் மனைவி, போலீசோடு பட்டுச்சேலைக்காரி ஒருத்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல், பாலில்லாத கட்டன்சாயா போட்டார். வீட்டில் பை இல்லை. சௌதிக்காரரின் கையிலிருந்த போனைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வழியில் எங்கோ லேப்டாப்புக்குப் பக்கத்தில் இவர் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்த பிறகு, இவர் போன்தான் வீட்டின் இடத்தைச் சேர்த்து எனக்குத் தகவல் சொல்லியிருக்கிறது.

"எனக்க போனே என்னைய காட்டிக் குடுத்திட்டா?" என்றார் அவர். ஆனால் கோபம் தணிந்ததும் யோசித்தார். "ஜங்ஷன்ல சாயாக்கடையில நின்னேன். அங்க ஒருத்தன் கோட்டு போட்டுட்டு இருந்தான் கேட்டியளா. இந்த வெயில்ல கோட்டு. கால்மாட்டுல கறுத்த பேக்கு ஒண்ணு."

ஜெபின் நெற்றியில் அடித்துக்கொண்டான். காலையிலிருந்து அந்தக் கோட்டு மனிதரை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் மாமா என்று நினைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் சித்தப்பா என்று. பந்தியில் பெரியவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கத்திலும் அவருக்கு நல்ல பெயர்.

சாயாக்கடைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், கோட்டு மனிதர் கிளம்பிவிட்டிருந்தார். ஏட்டையா சௌதிக்காரரைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லி, காரின் முன் இருக்கையில், மோப்ப நாயை ஏற்றுவதுபோல, போனோடு ஏற்றிக்கொண்டார். "நீரு சும்மா இரியும். போனு வேலை பாக்கும்." கார் குலசேகரத்தின் தெருக்களில் ஆள் நடக்கும் வேகத்தில் போனது. நான் முதியோர் இல்லத்தின் துணி துவைக்கும் அறையில் நின்று திரையைப் பார்த்தேன். எட்டு வருடமாக ஊரின் எல்லாக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நான் போன் திரையில் கைகூப்பி மட்டுமே வந்திருக்கிறேன். என்னைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைக் கீழே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஊரில் மாலை ஐந்தாகப் போகிறது. புள்ளி துள்ளியது. "நில்லு மக்கா, நில்லு! உனக்க எடது பக்கம்!"

இடது பக்கம் ஒரு மண்டபம். வாசலில் வாழை கட்டி, பாட்டுச் சத்தம். இன்னொரு கல்யாணத்தின் மாலை வரவேற்பு. மதிய விருந்துக்கும் மாலை விருந்துக்கும் இடையில்தான் மனிதர் சாயாக்கடையில் பொழுதுபோக்கியிருக்கிறார்.

ரெஜினாள் இறங்கினார். பட்டுச்சேலையைக் கண்டதும் வாசலில் நின்ற பெண்கள் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். ரெஜினாள் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு பந்திக்குப் போனார். கோட்டு மனிதர் கோழிக்காலோடு இருந்தார். நாற்காலிக்கடியில் பை. ரெஜினாள் எதிரில் உட்கார்ந்து, சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

"சோறு கொள்ளாமா?"

"கொள்ளாம், கொள்ளாம். நீங்க பொண்ணு வீடா?"

"நீரு?"

"நான் மாப்பிளைக்க மாமனாக்கும்."

"எந்த மாப்பிளைக்க?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாராம். எழுவதற்குள் கோட்டின் கழுத்துப்பட்டி ரெஜினாளின் பிடியில் இருந்தது. அவர் ஓடவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. "கை கழுவிட்டு வாறேன் சார்" என்று மட்டும் ஏட்டையாவிடம் கேட்டார். ஏட்டையா கூடவே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். ஜெபின் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் காட்டினான். இரண்டு கேமரா, லேப்டாப், எல்லாம் அப்படியே இருந்தன. துணி துவைக்கும் அறையில் நான் கத்திய கத்தலில் மேற்பார்வையாளர் ஓடிவந்தார். கல்யாணம் என்றேன். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பொருட்கள் வழக்குச் சொத்தாகிவிட்டதால் கோர்ட்டு வழியாகத்தான் திரும்ப வரும், நாளாகும் என்றார்கள். ஆனால் அன்று நிலையத்தில் ஏட்டையா, "நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன், அதுக்குள்ள நீ படத்தை எல்லாம் வேற எதுலயாவது ஏத்திக்கோ" என்று சொல்லிவிட்டு, ரொம்ப நேரம் சாயா குடித்தார்.

படங்களை ஜெபின் எனக்கும் அனுப்பினான். எண்ணிப் பார்த்தேன், பதினொரு படங்களில் கோட்டு மனிதர் இருந்தார். எல்லாவற்றிலும் சிரிப்பு. இரண்டு வீட்டாரும் மேடையில் சேர்ந்து நின்று எடுத்த பெரிய படத்தில் மாப்பிள்ளைக்கு அருகிலேயே, அவர் கையைப் பிடித்தபடி நின்றார். நன்றாகவே நின்றார். அந்தப் படத்தில் யாருக்கும் அவரளவுக்குக் கல்யாணக் களை இல்லை. இவரை வெட்டிவிடவா என்று ஜெபின் கேட்டபோது ரெஜினாள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாராம்.

"வெட்டாண்டாம். தலைய மட்டும் எடு. எனக்க ஆளுக்க தலைய வை."

ஜெபின் அப்படியே செய்தான். கைதேர்ந்த வேலை. சேவியரின் முகம் கோட்டுக்கு மேலே கச்சிதமாகப் பொருந்தியது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வாடகைக் கோட்டு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று ரெஜினாளின் உத்தரவு.

படம் போய்ச் சேர்ந்த வாரம், ஜெபினிடம் எண்ணை வாங்கிச் சேவியர் என்னை அழைத்தார். அதுவரை நாங்கள் பேசியதில்லை. பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல்.

"மோளே, உனக்க தம்பி கெட்டிக்காரன். பாத்தா நான் அங்க நிக்கது போலத்தான் இருக்கு. இங்க கூட உள்ள பயலுவ எல்லாம் நீ எப்ப ஊருக்குப் போனேன்னு கேக்கானுவ." சிரித்தார். "கை மட்டும் எனக்குள்ளது இல்ல. எனக்க கையில தீப்பட்ட தழும்பு நெறைய கெடக்கு. இது வேற யாருக்க கையோ."

யாருடையது என்று எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் அப்படித் தெரியும் அங்கிள் என்று சொன்னேன்.

"இருக்கும், இருக்கும்" என்றார். அந்தப் படத்தைத்தான் போன் முகப்பில் வைத்திருக்கிறாராம், முழங்கைக்குக் கீழே வெட்டிவிட்டு.