மதியத்தில் பாலாகும் பாட்டில்

மேற்கு டெல்லியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை. துணி துவைக்கும் திரவம், தரை துடைக்கும் திரவம் என்று ஏதேதோ செய்வோம். மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் வேதியியல் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் ஏ.சி. போட்ட ஒரே அறையை எனக்குக் கொடுத்து, அதற்கு லேப் என்று பெயரும் வைத்தார்கள். முதலாளி பஞ்சாபிக்காரர். அதற்கு முன்பு சைக்கிள் டயர் கடை வைத்திருந்தவர். பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்ற ஒரு திரவம் செய்து காட்டு, கடையில் போணியானால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்றார்.

லேபில் நான்-அயானிக் என்று ஒரு சரக்கு உண்டு. அழுக்கு நீக்கிகளிலேயே ரொம்ப சாது. சோப்புக்கு மின்னூட்டம் இருப்பதால், இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியத்தைக் கண்டதும் அதோடு ஒட்டிக்கொண்டு வெள்ளைத் திப்பியாகத் திரிந்துவிடும். இதற்கு மின்னூட்டமே கிடையாது. போர்வெல் தண்ணீரோ நல்ல தண்ணீரோ, யாரோடும் வம்புக்குப் போகாமல் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் கிளப்பிக்கொண்டு வரும். பட்டின் பளபளப்பில் கை வைக்காது. பெயின்டிலும் இதே வகைதான், முகம் கழுவும் ஜெல்லிலும் இதே வகைதான். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து செடிக்கு அடிக்க வேண்டுமென்றாலும் இதுதான் வேண்டும். எனக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

முதலாளிக்கு வரவில்லை. குடுவையை ஆட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஜாக் பி நஹீன், காடா பி நஹீன்."

நுரையும் இல்லையாம், கெட்டியும் இல்லையாம். நுரை வருவதற்கும் அழுக்குப் போவதற்கும் சம்பந்தமில்லை, கெட்டி என்பது கண்ணுக்குத்தான் என்று தமிழில் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். என் இந்தியில் வந்ததெல்லாம் "டீக் ஹை, சர்ஜி", அதாவது சரி ஐயா. நுரைக்கு இன்னொரு சரக்கைச் சேர்த்தேன். கெட்டியாவதற்கு உப்பைப் போட்டேன், சாதாரணச் சமையல் உப்பு. அந்த நுரைச் சரக்கில் உப்பு விழுந்தால் திரவம் தேன் மாதிரி ஆகிவிடும். முதலாளி குளிர்ந்துபோனார். என் ஏ.சி. அறையில் அது பளிங்குபோலத் தெளிவாக இருந்தது. அம்மாவுக்கு ஃபோன் போட்டு, நான் செய்த சாமான் கடைக்குப் போயிருக்கிறது என்று அரை மணி நேரம் பீற்றிக்கொண்டேன்.

மே மாதம் பிறந்தது. ஜனக்புரியில் தமிழ்ப் பள்ளிக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருநாள் மதியம் ஃபோன் செய்தார். பாட்டில்கள் எல்லாம் வெள்ளையாகிவிட்டனவாம். மறுநாள் காலை கடை திறக்கும்போதே முதலாளி போய்ப் பார்த்தார். எல்லாம் தெளிவாக இருந்தன. அந்த ஆளுக்கு வெயிலில் கண் மங்கிவிட்டது என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அன்று மதியமே மறுபடியும் ஃபோன். இந்தத் தடவை மெட்ரோ பிடித்து நான் போனேன்.

வாசலோரம் வெயில் விழும் அலமாரியில் என் பாட்டில்கள் வரிசையாக, பால் பூத்தில் அடுக்கியதுபோல் நின்றன.

"என்ன தாயி, பாட்டில்ல பாலை அடைச்சு அனுப்பிட்டீயளா?" என்றார் அண்ணாச்சி. "வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்து வைக்காவ."

பக்கத்தில் ஒரு மாமி கையில் பாட்டிலோடு நின்றார். "கல்யாணப் பட்டும்மா. இதுல நனைக்க எனக்குத் தைரியம் வரலை."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். நான்-அயானிக் அதற்கு நேர் எதிர். சூடு ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரை விட்டு ஒதுங்கி, பொடிப்பொடித் துளிகளாகத் திரண்டு வெள்ளையாக நிற்கும். கிளவுட் பாயின்ட் என்று இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான்.

"கெட்டுப் போகல அண்ணாச்சி. ஒண்ணை எடுத்து உங்க கூல்டிரிங்க்ஸ் ஃப்ரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வைங்க."

வைத்தார். எடுத்தபோது பாட்டில் கண்ணாடியாக இருந்தது. கடையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளவுட் பாயின்ட் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அண்ணாச்சி மோர் பாக்கெட் ஒன்றைக் கொடுத்து, பாட்டிலை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். பிரசங்கம் முடிந்து, மோரும் முடிந்தபோது அது மறுபடியும் பாலாகிக்கொண்டிருந்தது.

"அச்சா," என்றார் அண்ணாச்சி. "அப்ப கடையைப் பூராத் தூக்கி ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருவமா?"

"அதுவும் தேவலை," என்றார் மாமி. "நாமளும் உள்ளே போய் உட்கார்ந்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்தச் சாது நான்-அயானிக் டெல்லி வெயிலைத் தாங்கக்கூடியதுதான். தாங்காமல் செய்தது உப்பு. உப்புப் போட்டால் கிளவுட் பாயின்ட் இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டு, ஏ.சி.யில் வைத்துப் பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து டிகிரிக்கு அனுப்பியிருக்கிறேன். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

மீதிச் சரக்கைச் சாக்கடையில் ஊற்றச் சொல்லிவிட்டு முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தார். வேலை போனது என்றே முடிவு கட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஊற்ற வேண்டாம், உப்பில்லாத புதுத் திரவத்தோடு கலந்தால் சரியாகும் என்று உடைந்த இந்தியில் சொன்னேன். தப்பு என்னுடையது, உப்புப் போட்டது நான் என்றும் சொன்னேன்.

"கெட்டியாகக் கேட்டது நான். இப்படி ஆகும் என்று உனக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"பின்னே ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் முதலாளி."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "எனக்குத் தெரிந்தது டயர். இது தெரியாது என்றுதானே உன்னை வைத்திருக்கிறேன். நீயும் தலையாட்டினால் எனக்கு வேறு யார் சொல்வார்கள்?"

கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

மறுநாள் காலை நாலைந்து பேராக உட்கார்ந்து பாட்டில்களைத் திறந்து, உப்பில்லாத புதுத் திரவம் இருந்த தொட்டியில் ஊற்றினோம். முதலாளி வந்து தொட்டியில் விரலை விட்டு எடுத்தார். விரலிலிருந்து திரவம் தண்ணீராக ஓடியது. அவர் முகம் தொங்கிவிட்டது.

"கொஞ்சமே கொஞ்சம் நமக்?"

"நஹீன், சர்ஜி," என்றேன். "ஒரு சிட்டிகை உப்புகூடப் போட மாட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளைத் திறக்க ஆரம்பித்தார்.