மணமகளின் பெயர்

உத்தமபாளையத்தில் ஒரு டிடிபி கடையில் நான் வேலை பார்த்த காலம் அது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒருவர் தங்கையின் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார்.

"அவளுக்கு ரெண்டாங்கல்யாணம்மா. படம், பூவெல்லாம் வேணாம். கறுப்பு மையில சின்ன எழுத்தாப் போட்டுருங்க," என்றார்.

நானும் ஏன் என்று கேட்காமல் அப்படியே அமைத்தேன். மறுநாள் அவர் அதைச் சரிபார்க்க வந்தபோது தங்கையும் கூட வந்தாள். திராட்சைத் தோட்டத்தில் வேலை முடித்து நேரே வந்திருந்தாள். தாளை வாங்கியதும் அவள் முகம் மாறியது.

"இது கல்யாணப் பத்திரிகையா, கருமாதிப் பத்திரிகையா?"

எனக்குச் சுருக்கென்றது. அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் அவள் செய்யாத தப்புக்கு அவள் பெயரை நான் ஒடுங்கி நிற்க வைத்திருந்தேன்.

"ஊர்ல நாலு பேரு பேசுவாக," என்றார் அண்ணன்.

"பேசுறவுக கண்ணாடி போடாமலே படிக்கட்டும். அக்கா, எம்பேரைப் பெருசாப் போடுங்க."

அண்ணனின் சம்மதத்துக்கு நான் காத்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, மணமக்கள் இருவர் பெயரையும் ஒரே அளவில், தடித்த உருண்டை எழுத்தில் அமைத்தேன். சுற்றிலும் தாராளமாக இடம் விட்டேன். கறுப்புக்குப் பதில் அரக்குச் சிவப்பு மை என்று ஓரத்தில் குறித்தேன்.

புதிய தாளை அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பிறகு, அழைப்பவர் பெயர் இருந்த கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இங்கன எம்பேரு இருக்குல்ல, இதையும் கொஞ்சம் பெருசாக்குங்கம்மா."