தலைவர் எழுதிய பெயர்

எங்கள் மிசுகுரா ஊரில் தேர்தல் வந்துவிட்டது என்பதை முதலில் சொல்வது வேட்பாளர்களின் வண்டி அல்ல, இசொகாய் தெட்சுரோவின் குரல். சுனாமி எச்சரிக்கைக்காகக் கம்பங்களில் கட்டிவைத்த ஒலிபெருக்கிகள் தேர்தல் வாரத்தில் காலையும் மாலையும் அவருக்குச் சொந்தம். "தேர்தல் ஆணையத் தலைவர் இசொகாய் பேசுகிறேன். என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம்." மீன் ஏலக் கூடத்துப் பெண்கள் அதே குரலில், "என் ஒரு மீனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று யாரும் இருந்துவிட வேண்டாம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் பேரூராட்சி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். தேர்தல் வந்தால் ஆணையச் செயலாளர் வேலையும் என் தலையில் விழும். அதனால் அவரோடு குப்பை கொட்டிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு. நல்ல மனிதர், ஆனால் படுத்தி எடுப்பார். வாக்குச்சாவடிக்குப் போகும் பென்சில்களை எங்களை நம்பிச் சீவ விடமாட்டார். தானே சீவி, முனையை விரலில் குத்திப் பார்த்து, ஒரே உயரத்தில் அடுக்குவார். மாகாண அரசில் துறைத் தலைவராக இருந்து, கவர்னர் அறைக்குள் கேட்காமலே நுழையும் நிலைக்கு வந்தவர் அவர். பென்சில் சீவுவதைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கே திரும்பினார். வந்த மறு வருடம் மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. ஊர் மன்றம் கூடி அவரை ஆணையத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது ஒரு கைகூட எதிராகத் தூக்கப்படவில்லை. யாருக்கும் வேண்டியவராகவும் இல்லை, வேண்டாதவராகவும் இல்லை, அந்த வேலைக்கு வேறென்ன தகுதி வேண்டும்? ஆரஞ்சுப் பழம் ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்தால் அன்று மாலையே கூடையும் பழமும் நம் வாசலில் இருக்கும்.

அவர் வாய்விட்டுப் பேசும் ஒரே இடம் படகுத்துறைக்கு எதிரே இருந்த ஒகிதா ஃபுமியேயின் சாப்பாட்டுக் கடை. மனைவி போனபின் மதியச் சாப்பாடு அங்கேதான். ஃபுமியே எதிரில் இருக்கும் கமெசே தீவில் பிறந்தவள், ஐம்பதைத் தாண்டியவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். அவள் போட்டியிடப் போவதாகச் சொன்ன அன்று நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தலைவரே, நான் நிக்கப் போறேன்."

"எங்க?"

"எங்கயா? தேர்தல்லதான்."

இசொகாய் சாப்பாட்டுக் குச்சிகளை இறக்கி வைத்தார். சுட்ட கானாங்கெளுத்தி பாதி தட்டில் கிடந்தது.

"அப்படின்னா நான் இனிமே இங்க சாப்பிட வர்றது சரியா இருக்காதும்மா. தேர்தல் முடிஞ்சதும் வரேன்."

"ஏன், என் மீன் ஓட்டுக் கேக்குமா?"

"பாக்கிறவங்க அப்படி நினைப்பாங்க."

"சரி, அந்த மீனையாவது முடிச்சிட்டுப் போங்க. பாதி மீனை அப்படியே விட்டுட்டுப் போறதுக்குப் பேரு நடுநிலைமையா?"

அவர் மீனை முடித்தார். மிசோ சூப்பையும் குடித்தார். அடுத்த நாளிலிருந்து அலுவலகத்தில் ஆறிப்போன சோற்று உருண்டையைத் தின்றார்.

ஃபுமியேவுக்குப் பதவி ஆசை எல்லாம் கிடையாது. கமெசேவுக்குப் போய்வரும் படகை நிறுத்திவிடுவது என்று மன்றத்தில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நட்டத்தில் ஓடும் படகுக்கு ஊர்ப் பணத்தைக் கொட்ட வேண்டுமா, துறைமுகத்தில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பெரிதாக்கலாமே என்பது அவர்கள் வாதம். அவளுடைய அண்ணன் யசுவோ அந்தத் தீவில்தான் இருந்தார். சிறுநீரகம் கெட்டுப்போனவர். வாரத்துக்கு மூன்று முறை அந்தப் படகில் வந்து, எங்கள் ஊர் மருத்துவமனையில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு திரும்புவார். படகு நின்றால் அவர் பிறந்த மண்ணை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மன்றத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம், கடைசி இடம் யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருந்தது. அதற்கு ஃபுமியேவும் மீன் மொத்த வியாபாரி செனோ மசாகியும் முட்டிக்கொண்டு நின்றார்கள். செனோ இசொகாயோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

இனி நான் சொல்லப்போவதை அவர் பிற்பாடுதான் என்னிடம் சொன்னார். இப்போதே சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர், அலுவலக நேரத்திலேயே, தேர்தலில் நின்ற கவர்னருக்காக ஓட்டுச் சேர்த்து மாட்டிக்கொண்டார். இசொகாயையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் விசாரித்தவர், "நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டபோது தன் முகம் சிவந்துவிட்டதாம். கேட்கக் கூடாத கேள்வி, பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனாலும் சிவந்துவிட்டது, போட்ட பெயர் முகத்திலேயே தெரிந்துவிட்டதுபோல. அன்றிலிருந்து அவர் வாக்குச்சாவடிக்குத் தவறாமல் போவார், சீட்டை வாங்குவார், தடுப்புக்குள் நிற்பார், ஒன்றும் எழுதாமல் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். எங்கள் நாட்டில் வேட்பாளர் பெயரை நாமே எழுத வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக அவர் ஒரு பெயரையும் எழுதவில்லை. அதை அவர் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வாக்குப்பதிவு அன்று முதல் ஆளாக வருபவர் பெட்டி காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதன்பிறகுதான் பூட்டுவோம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த முதல் ஆள் ஃபுமியேதான். வேட்பாளராக நின்ற அன்றும் வந்தாள், கிழவர்களை முந்திக்கொண்டு.

"பாத்துட்டேன் தலைவரே. உங்க மூஞ்சி மாதிரியேதான் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்காமல் பெட்டியைப் பூட்டினார். அவள் எழுதிப் போட்டாள். அடுத்து அவர் போட்டார்.

கமெசே தீவின் பெட்டி படகில் வர வேண்டும் என்பதால் எங்கள் ஊரில் மறுநாள் காலையில்தான் எண்ணுவது வழக்கம். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேசைகளைப் போட்டு எண்ணினோம். எட்டு இடங்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. கடைசியான ஒன்பதாவது இடத்துக்கு ஃபுமியேவும் செனோவும் சரிசமம். மறுபடி எண்ணினோம். மறுபடியும் சரிசமம். செல்லாத ஓட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்றில் பேஸ்பால் வீரர் பெயர், ஒன்றில் பூனைப் படம், இன்னொன்றில் வசவு. வெற்றுச் சீட்டு ஒன்றே ஒன்று. இசொகாய் அதைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். ஏதாவது எழுதியிருக்காதா என்று தேடுவதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. வயசாயிற்று, களைப்பு என்றுதான் நான் நினைத்தேன்.

சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல். தேர்தல் அதிகாரியே, அதாவது எங்கள் ஊரில் ஆணையத் தலைவரே, எடுக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு குச்சிகளின் அடியில் இரண்டு பெயர்களை எழுதி, அலுவலகத் தேயிலை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

"நொசே, வேற யாராவது எடுக்கலாமாம்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"சட்டத்துல இடமில்ல சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

எதிரே நாற்காலியில் ஃபுமியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யசுவோ, சிகிச்சைக்கு வந்த கையோடு வந்திருந்தார். இசொகாய் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குச்சியை உருவினார். திருப்பிப் பார்த்தார். படிக்க நேரமெடுத்துக்கொண்டார்.

"செனோ மசாகி."

ஃபுமியே எழுந்து செனோவுக்குத் தலை குனிந்தாள். பிறகு இசொகாய்க்கும் குனிந்து, "சிரமப்பட்டுட்டீங்க தலைவரே" என்றாள். யசுவோ தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாற்காலிகளை மடக்கும்போதுதான் அவர் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அப்ப காலையும் சாயங்காலமும் மைக்குல யாருக்குச் சொன்னீங்க?"

"ஊருக்கு" என்றார். கையிலிருந்த நாற்காலியை மடக்கிச் சாய்த்துவிட்டு, "எனக்குன்னு தோணவே இல்லம்மா" என்றார்.

இரகசியமாக இருக்கட்டும் சார், சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நான் தடுத்தும் கேட்கவில்லை. மறுநாள் ஃபுமியேயின் கடைக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொல்லி முடித்தார்.

ஃபுமியே கையைத் துடைத்துக்கொண்டாள். "எழுதியிருந்தா யார் பேரை எழுதியிருப்பீங்க?"

"உங்க பேரைத்தான்."

"எனக்கு யாரெல்லாம் போடுவாங்கன்னு எண்ணிப் பாத்தேன். உங்களை செனோ கணக்குலதான் வச்சிருந்தேன். கூடப் படிச்சவராச்சே. அவருக்குப் போட்டிருந்தீங்கன்னா எனக்கு வருத்தமே இல்ல. ரெண்டு நாள் திட்டிட்டு மறுபடி சோறு போட்டிருப்பேன். யாருக்குமே போடலன்னு சொல்றீங்களே, நான் யாரைத் திட்டுறது?"

"வேற யார்கிட்டயும் போய் இதைச் சொல்ல முடியல" என்றார் அவர்.

"என்கிட்டயும் சொல்லியிருக்க வேண்டாம்." அவள் மறுபடி அரிசிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "சாப்பிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் அந்த வாரமே பதவியை விட்டார். உடல்நலம் என்று காரணம் எழுதிக் கொடுத்தார். வசந்த காலத்தில் படகு நின்றது. யசுவோ மாகாணத் தலைநகரில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறைக்குப் போனார். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது என்று எனக்கு ஒருமுறை போனில் சொன்னார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் ஃபுமியேவும் கடையை அடைத்துவிட்டுப் போய்விட்டாள். இசொகாய் சூப்பர் மார்க்கெட்டில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்குவதைப் பார்ப்பேன். அடைத்த கடையைத் தாண்டும்போது எதிர்ச் சாரிக்கு மாறிப் போவார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. அன்று நாற்காலி மடக்கும்போது அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த மன்றத் தேர்தலில் ஒலிபெருக்கியில் வேறு ஒருவர் குரல். வாக்குச்சாவடிக் கதவைத் திறந்தபோது வரிசையில் முதல் ஆளாக இசொகாய் நின்றார். மெலிந்திருந்தார், கோட்டுப் போட்டுக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். நான் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"காலியா இருக்கா சார்?"

"காலிதான்."

சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குள் போனார். பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. பின்னால் நின்ற கிழவர், "என்னய்யா, காவியமா எழுதுறாரு?" என்று முனகினார். இசொகாய் மடித்துப் போட்டுவிட்டு எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எண்ணும்போது பக்கத்து மேசைக்காரர் ஒரு சீட்டை என்னிடம் நீட்டினார். "இது யாருங்க? இப்படி ஒரு வேட்பாளரே இல்லையே."

அரசாங்கக் கோப்புகளில் வருகிற, ஒரு கோடுகூட விலகாத கையெழுத்து. ஒகிதா ஃபுமியே என்று எழுதியிருந்தது.

"நிக்காதவங்க பேரு செல்லாது. செல்லாததுல வைங்க" என்றேன்.

அந்தத் தேர்தலில் வெற்றுச் சீட்டு ஒன்றுகூட இல்லை.