ஒதியம்பட்டு ஜெனரல் குவிக்கும் இரண்டாவது மணல் மேடு

இன்று சாயங்காலம் செஞ்சியாற்று மணலில் நான் சந்தித்த மனிதர் ஒதியம்பட்டுக் குழந்தைவேல். கரும்பு பயிரிடுகிறவர், வயது முப்பத்தைந்துக்கு மேல். வில்லியனூர் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிறவர்கள் வந்திருக்கிறார்கள். முதல் ஆளாக உள்ளே போனவர், தரையில் மணலைக் குவித்துத் தனக்கு ஒரு மேடு செய்துகொண்டார். பக்கத்திலேயே இன்னொரு மேடு குவித்தார். அதைக் கையால் தட்டிச் சமன் செய்து, மேலே தன் துண்டை மடித்துப் போட்டார். கூட்டம் சேர்ந்தது, படம் ஓடியது, முடிந்தது. துண்டு மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது. திரும்பி நடக்கும்போது அவர் சொன்னதையும், வீட்டில் அவர் மனைவி தனக்கொடி சொன்னதையும் சேர்த்து உடனே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்தபோது குழந்தைவேல் பள்ளிக்கூடத்துப் பையன். வகுப்புச் சுவரில் பிரான்ஸ் தேசத்து வரைபடம் ஒன்று தொங்கியது. வாத்தியார் பத்திரிகையைப் பார்த்து, குண்டூசியில் ஒட்டிய காகிதக் கொடிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துவார். மற்ற பிள்ளைகளுக்கு அந்த நேரம் தூங்குகிற நேரம். குழந்தைவேலுக்கு மட்டும் ராத்திரிச் சோறு இறங்காது. ஒரு கொடி ஒரு விரல்கடை நகர எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று அவன் கேட்டதற்கு, வாத்தியார் அவனை உட்காரச் சொன்னார். சண்டை முடிந்தது என்று சேதி வந்து பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் ஆற்றுக்கு ஓடினார்கள். அவன் நின்று, சுவரிலிருந்து கழற்றிய அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அது இன்றைக்கும் அவருடைய கரும்பாலைக் கொட்டகையில் தொங்குகிறது. வெல்லப் பாகின் ஆவி பட்டுப் பட்டுப் பழுப்பேறிவிட்டது. புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளில் பிரெஞ்சுப் படப் பத்திரிகைகளைத் தேடி வாங்கி வருவார். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்து எழுத்துக் கூட்டி வாசிப்பார். எந்தப் படை எந்த ஆற்றைக் கடந்தது, எந்த வருஷம் சிப்பாயின் கால்சட்டை நிறம் மாறியது, எல்லாம் தெரியும். ஆனால் யாரிடம் சொல்வது? ஊரில் நெல் விலை பேசுவார்கள், கோயில் வழக்கு பேசுவார்கள். ஆகையால் கரும்பாலையைச் சுற்றுகிற மாடுகளிடம் சொல்வார்.

"உங்க சண்ட முடிஞ்சி இருவது வருசம் ஆச்சி. இன்னும் அந்த மாட்டுக்குத் தெரியாதா?" என்பார் தனக்கொடி.

அறுவடை முடிந்த காலத்தில் கூடாரம் வரும். ஊமைப்படம்தான். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரக்கக் கதை சொல்வார். சண்டைப் படம் என்று தமுக்கு அடித்தால் போதும், குழந்தைவேல் வில்லியனூருக்கு மட்டுமல்ல, அந்தக் கூடாரத்துக்குப் பின்னாலேயே பாகூருக்கும் நடந்து போவார். போனால் வாயை மூடிக்கொண்டு பார்ப்பாரா என்றால், மாட்டார். படத்தின் நடுவில் எழுந்து நிற்பார். "கத பதினாலாம் வருசம். தலையில இரும்புத் தொப்பி. அத குடுத்ததே பதினஞ்சிலதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்காருவார். பதுங்குகுழி இத்தனை நேராக இருக்காது, நேராக வெட்டினால் ஒரே குண்டு வரிசையாகக் கொன்றுவிடும் என்பார். கதை சொல்கிறவர் அவரைத் திட்டுவார். பின்னாலிருந்து மணல் வந்து விழும். நாளடைவில் அவருக்கு ஜெனரல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஜெனரல் வராருடா, தள்ளி உக்காருங்க" என்று அவரைச் சுற்றி வட்டமாக இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கூட்டம் நெருக்கியடிக்கிற நாளிலும் அந்த வட்டம் காலியாகவே இருந்தது.

அந்த வட்டத்துக்குள் ஒரு நாள் தானாக வந்து உட்கார்ந்தவர் அப்துல் ஹலீம். வில்லியனூர்க் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர், குழந்தைவேலுக்கு மூத்தவர். கைலியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, "இது எந்த ஊரு சண்ட வேலு?" என்று கேட்டார்.

குழந்தைவேலின் வாழ்க்கையில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். ஹலீம் பாய் தலையாட்டிக் கேட்டார். நம்ம ஊர் ஆட்கள் இந்த இடத்தில் இருந்தார்களா என்று மட்டும் நடுநடுவே விசாரிப்பார். அன்றிலிருந்து எந்தச் சண்டைப் படம் வந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். முதலில் போகிற குழந்தைவேல் இரண்டு மேடு குவித்து வைப்பார். வீட்டில் அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார் என்று தனக்கொடி சொன்னார். மாடுகளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

திரையில் பொத்தான் ஒன்று தப்பாக இருந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர், பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவில்லை. பீரங்கி சுடும்போது ஹலீம் பாய் பீரங்கியைப் பார்ப்பதில்லை. குதிரைகள் விழும்போது குதிரைகளைப் பார்ப்பதில்லை. ஆட்கள் வரிசையாக நடந்து வரும்போது மட்டும் முதுகு நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு முகமாகத் தேடினார். தனக்குச் சரித்திரத்தில் ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார் என்றே குழந்தைவேல் நினைத்திருந்தார்.

போன வருஷம் ஒரு படம் வந்தது. அதில் சிப்பாய்கள் ஒரு கிராமத்து வழியாகப் போகிறார்கள். வரிசையில் கறுத்த முகத்து ஆள் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். அதே படத்துக்கு ஹலீம் பாய் மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். மூன்றாவது நாள், அந்த முகம் வந்ததும் குழந்தைவேலின் கையைப் பிடித்தார். அந்த ஆள் எந்தப் படையில் இருந்திருப்பான், இது எந்த வருஷத்தில் பிடித்தது என்று கேட்டார்.

தீர்ப்புக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் குழந்தைவேல் முழுசாகச் சொல்லிவிட்டார்.

"எல்லாம் வேசம் பாய். சண்ட முடிஞ்சி எத்தினியோ வருசம் கழிச்சி, கூலிக்கு ஆள் புடிச்சி எடுத்தது. இதுல ஒருத்தன்கூட சண்டையப் பாத்தவன் கெடையாது."

ஹலீம் பாய் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, கைலியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வெளியே போனார். மறுநாள் மேடு காலியாக இருந்தது.

உடம்பு சரியில்லையோ என்று குழந்தைவேல் துணிக்கடைக்குப் போனார். பாய் மரியாதையாக உட்காரச் சொன்னார். யாருக்கோ துணி அளந்து கிழித்துக் கொடுத்துவிட்டு, உள்ளே கேட்காத குரலில் விஷயத்தைச் சொன்னார். அவருடைய தம்பி ஷரீப், சண்டைக்குப் பேர் கொடுத்து, பதினாறாம் வருஷம் கப்பல் ஏறினவன். திரும்பி வரவில்லை. செத்ததாகவும் சேதி இல்லை. மேரி என்கிற நகராட்சிக் கச்சேரியில் எப்போது போய்க் கேட்டாலும், காணாமல் போனவர் என்ற ஒரே பதில்தான். ஷரீபின் மனைவி மெஹர் நிஷா, கடைக்குப் பின்கட்டில் உள்ள பாயின் வீட்டில்தான் இருக்கிறார். கோஷா வழக்கம், கூடாரத்துக்கு வர முடியாது. சண்டையில் நிஜமாகவே படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள் என்று வீடே நம்பியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பாய் திரும்பி வந்ததும், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரே கேள்வி வரும். இருந்தாரா?

"இத்தினி வருசமா இல்லன்னு சொன்னேன். அந்தப் படத்தப் பாத்துட்டு, இருந்தான், சிரிச்சான்னு சொன்னேன் வேலு. இப்ப போயி இன்னா சொல்றது?"

குழந்தைவேல் எழுந்துகொண்டார். வெளியே வரும்போது உள்வாசலில் திரைச்சீலை லேசாக அசைந்ததைப் பார்த்தார். காற்றாக இருக்கலாம்.

அந்த வருஷம் முழுக்க அவர் மாடுகளிடமும் பேசவில்லை என்கிறார் தனக்கொடி. வரைபடத்துக்கு முன்னால் போய் நிற்பாராம். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருவாராம்.

மறுபடி சண்டை வரும் என்று எல்லோரும் பேசுகிற இந்த வருஷம், கூடாரக்காரர் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சுருள் காட்டினார். குழந்தைவேல் முதல் நாள் பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. தொப்பி சரியாக இருந்தது. குழி கோணலாக இருந்தது. சேற்றில் ஒரு வண்டிச்சக்கரம் புதைந்து கிடந்தது, அதை யாரும் எடுத்து ஓரமாக வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் தப்பு சொல்ல முடியாத முதல் படம். போர்முனையில் பிடித்ததேதான். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றார். இது நிஜம் பாய், இதில் வேஷமே இல்லை, ஒரு தடவை வாங்க என்று கெஞ்சினார்.

ஹலீம் பாய் வந்தார். தனக்காகக் குவித்த மேட்டில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள்.

புகை. தூரத்தில் புள்ளி புள்ளியாக ஓடும் ஆட்கள். மறுபடி புகை. ஒரு பாலத்தின் மேல் சிப்பாய்கள் போகிறார்கள், எல்லாருக்கும் முதுகு. தூக்குக் கட்டிலில் ஒருவனைக் கொண்டுபோகிறார்கள், முகத்தின் மேல் துணி. போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் சுருள் முடிந்துவிட்டது.

"இவ்ளோதானா?" என்றார் பாய்.

"இவ்ளோதான் பாய். நெசமா எடுத்தா இப்படித்தான் இருக்கும். எடுத்தவனும் உசுருக்குப் பயந்துகினுதானே எடுத்தான்."

"ஒரு மூஞ்சிகூட தெரியலியே."

குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பொய்ப் படத்துல மூஞ்சி நல்லா தெரிஞ்சுது வேலு" என்று சொல்லிவிட்டு ஹலீம் பாய் எழுந்தார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றார் குழந்தைவேல். திரைச்சீலைக்குப் பின்னால் அன்றைக்கு என்ன கேள்வி வந்தது, பாய் என்ன பதில் சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இன்று ஓடியதும் சண்டைப் படம்தான். பதினாலாம் வருஷத்துக் கதை, தலைக்குத் தலை இரும்புத் தொப்பி. எனக்கே தெரிந்தது. பின்னாலிருந்து ஒருவன், "இன்னா ஜெனரல், தீர்ப்பு இல்லியா?" என்று சீண்டினான். குழந்தைவேல் திரும்பவில்லை. வரிசையாக வந்த வேஷக்காரர்களின் முகங்களை, முதுகை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறப்பதில்லை என்று தெரிந்துவிட்டதால் அந்த வட்டமும் இப்போது இல்லை. இடது பக்கம் இடிக்கிறார்கள், பின்னால் முழங்கால் முட்டுகிறது. அந்த ஒரு மேடு மட்டும்தான் காலி. ஆசையில் நான் அதில் உட்காரப் போனேன். துண்டின் மேல் கையை வைத்து, "ஆளு வராங்க தம்பி" என்றார். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கூடாரம் இந்த அமாவாசை வரைக்கும் ஆற்றங்கரையில் இருக்கும், பிறகு பாகூருக்குப் போய்விடும். இதைப் படிக்கிறவர்கள் யாராவது வில்லியனூர்ப் பக்கம் போனால், கடைத்தெருவில் ஹலீம் பாய் துணிக்கடைக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள். துணி வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. ஆற்றங்கரையில் சண்டைப் படம் ஓடுகிறது, வேலு உங்களுக்கு மணல் குவித்து வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். திரும்பும் வழியில் கடையில் ஏறி நான் சொன்னேன், "பாக்கலாம்" என்றார் பாய். நான் ஒருவன் சொன்னால் அப்படித்தான் சொல்வார். நீங்களும் போய்ச் சொல்லுங்கள். படம் நிஜமா பொய்யா என்று மட்டும் அவர் கேட்டால், முகமெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லுங்கள்.