அம்மா துவட்டிய என் தலை

எங்கள் அன்பு அம்மா எம்மைவிட்டுப் பிரிந்து முப்பத்தொரு நாட்கள் கடந்துவிட்டன. அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் சிலர், கிரியை செய்த தலைப்பாகைக்காரன் யாரென்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கக்கூடும். நான்தான். அம்மாவின் ஒரே பிள்ளை.

அம்மா பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். எண்பதுகளில் நிலைமை மோசமானபோது, தன் ஒரே அண்ணனான என் மாமாவோடு கிழக்கு பேர்லினில் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்திறங்கினார். பிறகு மேற்கு ஜேர்மனிக்கு வந்து, கெல்சென்கிர்ச்சனில் அகதிகள் விடுதியொன்றில் இருந்தார்கள். அங்கே பொதுச் சமையலறையில், ஒரே அடுப்புக்குக் காத்து நின்ற பஞ்சாப் சீக்கியர் ஒருவரோடு அம்மாவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவர்தான் அப்பா. கலியாணம் நடந்தபோது மாமா வரவில்லை. சில வருடங்கள் பேசவும் இல்லை. இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுது தம்பி, ஊருக்கே தெரிஞ்ச கதைதானே" என்றார்.

அம்மா கடைசிவரை முருகனைக் கும்பிட்டார். அப்பா தன் குருமாரைக் கும்பிட்டார். ஒருவரை ஒருவர் மாற்றப் பார்க்கவில்லை. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளை பிறந்தால் அதன் தலையில் கத்தரிக்கோல் படக்கூடாது. இறைவன் தந்த முடியை வெட்டாமல் வைத்திருப்பது சீக்கியர்களின் நெறி. அம்மா "ஓம்" என்று ஒத்துக்கொண்டார். அந்த வேலை முழுக்கத் தன் தலையில் விழும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

வெட்டாமல் விட்டால் மட்டும் போதாது. நாளுக்கு இரண்டு தரம் மரச்சீப்பால் வார வேண்டும், முறையாக முழுக வேண்டும், நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு கொண்டை போட்டால் நாறும், தலை கடிக்கும். அப்பா டாக்சி ஓட்டினார். சனிக்கிழமைதான் அவருக்கு ஓட்டம் அதிகம். அதனால் சனிக்கிழமை முழுக்கு அம்மாவின் பொறுப்பானது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வாரம் முழுவதும் பிறர் துணியைத் துவைத்துவிட்டு, சனிக்கிழமை என் தலையைத் துவைப்பார். இடுப்புக்கு வந்த முடி. மாரிகாலத்தில் சூடாக்கிக்கு முதுகைக் காட்டி என்னை இருத்தி, துவாய் மாற்றி மாற்றித் துவட்டுவார். நான் நெளிந்தால் முதுகில் ஒரு தட்டு விழும்.

ஒரு சனிக்கிழமை அவருக்கு யாழ்ப்பாணப் புத்தி வேலை செய்தது. ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் போடுவதுபோல எனக்குச் சாம்பிராணிப் புகை போட்டார். தலை காய்வதற்குள் வீட்டுப் புகை எச்சரிக்கை மணி அடித்து, கீழ்வீட்டுக் கிழவர் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார். கூடைக்குள் நெருப்பு, அதற்குமேல் விரித்த கூந்தல், அதற்குச் சொந்தக்காரன் ஒரு ஆண்பிள்ளை. அவருக்கு அம்மா எதை விளங்கப்படுத்துவார்? திங்கட்கிழமை பாலர்பள்ளியில், பிள்ளை தேவாலயம்போல மணக்கிறான் என்று ஆசிரியை சொன்னாவாம். அம்மா அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

அதே பாலர்பள்ளியில்தான் பேன் வந்தது. மற்றப் பெடியளுக்கெல்லாம் தாய்மார் ஒட்ட வெட்டிவிட்டார்கள். வெட்டினால் சுகாதாரத்துக்கு நல்லது என்று பள்ளியில் எங்களுக்கும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் மாமா மறுபடி பேசத் தொடங்கியிருந்தார். பிராங்பேர்ட்டிலிருந்து தொலைபேசியில் அவரும் அதையே சொன்னார்.

"மொட்டை அடிச்சுவிடு. ஒரு நாளிலை முடியிற அலுவல்."

"பேனுக்குப் பயந்து பிள்ளையின்ரை தலைமயிரை எடுக்க ஏலாது அண்ணை" என்றார் அம்மா.

இரண்டு கிழமை, அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் குளியலறைதான். முடியை எட்டாகப் பிரித்து, வழுக்கும் கிறீம் பூசி, பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பார். நான் கத்துவேன். அவர் காலுக்குள் என்னை நெருக்கிப் பிடித்துக்கொண்டு மேலே தொடர்வார். பிறகு ஆசிரியை என் தலையைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, ஒரு ஈரும் இல்லை என்றா. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்து, தானும் ஒன்று வாங்கிக்கொண்டார். அம்மா தனக்கென்று எதையும் வாங்கி நான் கண்டது அபூர்வம்.

பதினேழு வயதில் சமையல் ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, தொடங்கினேன். தலைப்பாகையில் அங்கே பிரச்சினை இல்லை. தாடிதான் சாப்பாட்டுக்கு ஆகாது என்றார்கள். அம்மா பழைய யன்னல் திரைச்சீலையை வெட்டித் தாடிக்கு ஒரு பை தைத்துத் தந்தார். அதை மாட்டிக்கொண்டு போனபோது சமையலறை முழுவதும் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அன்று பின்னேரம் முடிவெடுத்தேன், எல்லாவற்றையும் வெட்டிவிடுவதென்று. அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மா என் துவாய்களை வேறாகக் கொதிநீரில் அவித்துக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. "என்ன ராசா, முகம் வாடிக்கிடக்கு?" என்றார். "ஒண்டுமில்லை" என்றேன். பிறகு அந்தக் கதையை நான் எடுக்கவில்லை. இத்தனை பாடுபட்டவரிடம் எந்த வாயால் சொல்வது?

நுரையீரல் வருத்தம் அம்மாவைப் படுக்கையில் போட்டது போன இலையுதிர்காலத்தில். மூச்சு வாங்கும்போதும், "தலை காஞ்சுதோ?" என்றுதான் என்னைக் கேட்டார். வலியைப் பற்றி எவரிடமும் முறைப்படவில்லை. அப்பாவும் நானும் பக்கத்தில் இருக்க, ஒரு காலைப்பொழுதில் அடங்கினார்.

ஈமக்கிரியைக்கு முதல்நாள் மாமா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கொள்ளி வைக்கிற பிள்ளை மொட்டை போடவேணும். தாய்க்குச் செய்யாமல் வேறை ஆருக்குச் செய்யப்போறாய்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அம்மாவிடம் படித்த தமிழில், "உன்ரை தலை. உன்ரை அம்மா. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

அம்மாவுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று நெஞ்சு கிடந்து துடித்தது. அன்று மாமா என் கையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். "சரி மாமா, எடுங்கோ" என்று தலைப்பாகையைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். மாமா கத்தரிக்கோலோடு பின்னால் வந்து நின்றார். முடியைக் கையில் அள்ளினார். வெட்டுச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மாமா நிலத்தில் குந்தியிருந்து அழுகிறார்.

"ஏலாது தம்பி. கொம்மா ஏற்கெனவே குடுத்திட்டாள்."

எனக்கு விளங்கவில்லை.

"மூண்டு வயசிலை உனக்குக் காய்ச்சலிலை வலிப்பு வந்தது. அவள் பயத்திலை, 'முருகா, பிள்ளையைத் தா, மொட்டை போடுறன்' எண்டு நேர்ந்துபோட்டாள். எங்கடை வாய்ப்பழக்கம். நீ கண் முழிச்ச பிறகுதான் கொப்பாவுக்குக் குடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் என்னோடை கதையாதவள் எனக்கு ரெலிபோன் எடுத்து அழுதாள். கோயிலுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனன். 'நேர்ந்தது நான், தலையும் என்ரையா இருக்கட்டும்' எண்டு தன்ரை முடியைக் குடுத்தாள்."

"ஏன் மாமா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொல்லக்கூடாதெண்டு என்னட்டையும் கொப்பாவிட்டையும் சத்தியம் வாங்கினவள். 'தெரிஞ்சால் எனக்காக வைச்சிருப்பான். வளர்ந்தாப் பிறகு வைச்சிருக்கிறதும் வெட்டுறதும் அவன்ரை விருப்பம்' எண்டவள்."

அம்மா எதற்குப் பயந்தாரோ அதையே நான் இத்தனை வருடமும் செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்டுகிறேன் என்று அன்று நான் சொல்லியிருந்தால், கோபிக்காமல் அவரே கத்தரிக்கோலைத் தேடி எடுத்துத் தந்திருப்பார். கதிரையில் நெடுநேரம் இருந்தேன். பிறகு நானே சீப்பை எடுத்து வாரி, நானே கொண்டை போட்டு, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டேன். மறுநாள் அப்படியே கிரியை செய்தேன்.

அம்மாவைப் பராமரித்த தாதிமாருக்கும், ஒரு கேள்வியும் கேட்காமல் கிரியையை நடத்தித் தந்த ஐயாவுக்கும், ஒரு கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் மாறி மாறிச் சோறு கொண்டுவந்த அயலவர்க்கும், அப்பாவின் குருத்துவாராவிலிருந்து வந்து பாத்திரம் கழுவித் தந்தவர்களுக்கும், அப்பாவும் நானும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். மாமாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் காலில் விழுந்தேன், அவ்வளவுதான்.

அம்மா, இந்த முடி இனி என் விருப்பத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்டது அதுதான். ஆனால் சனிக்கிழமை வந்தால், உங்கள் கைக்காகத் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறேன்.

பிரிவால் வாடும் மகன்
கெல்சென்கிர்ச்சன்