வானம் பார்த்த குட்டிகள்

பாம்பு வளர்க்கிறவனுக்குப் பாம்பால் வருகிற தொல்லை குறைவு. அந்தப் பாம்பின் அப்பன், பாட்டன், அதை வாங்க வருகிறவர் ஆகியோரால் வருவதுதான் அதிகம்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு பொருட்கிடங்கில் எனக்கு வேலை. மிச்ச நேரத்தில், மகள் கலியாணம் முடித்துப் போனபின் காலியான அறையில், கோர்ன்நட்டர் வளர்க்கிறேன். விஷமில்லாத, எலி தின்கிற, செம்மஞ்சள் நிறச் சோளப் பாம்பு. இனம் சேர்க்கிற விதத்தில் சேர்த்தால் சாம்பல், வெள்ளை, தேன் நிறம் என்று விதவிதமாகக் குட்டி எடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், ஒரு நிறத்துக்கான குணம் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் குட்டியில் தெரியும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் உள்ளே ஒளிந்துகொள்ளும். பார்வைக்குக் குட்டி சாதாரணம். புறாவோ நாயோ இனம் சேர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

சாம்பலும் சாம்பலும்

தொடக்கத்தில் என்னிடம் ஒரு சாம்பல் பெண் பாம்பு இருந்தது. சந்தையில் ஒரு சாம்பல் ஆணை வாங்கிச் சேர்த்தேன். சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் சாம்பல்தானே என்று, முட்டை பொரிக்குமுன்பே நான்கு பேருக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன். பதினான்கு முட்டைகள். பதினான்கும் செம்மஞ்சள்.

சாம்பல் நிறத்தைத் தரும் குணங்கள் இரண்டு உண்டு, கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவை வேறு வேறு என்பதை அதன்பிறகுதான் படித்தேன். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு மனைவிக்கு விளக்கினேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இதுக்கேன் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கோடு கீறுறியள்? ஆரோ இடையிலை வந்து போயிருக்கினம்.”

மூன்றில் இரண்டு

ஒரே குணத்தை ஒளித்துவைத்திருக்கும் இரண்டு பாம்புகளைச் சேர்த்தால், சாதாரணமாகத் தெரிகிற குட்டிகளில் மூன்றுக்கு இரண்டு அதைச் சுமக்கும். எந்த இரண்டு என்று பார்த்துச் சொல்ல முடியாது. இதை நான் ஒவ்வொருவருக்கும் சொல்வேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருக்கும் சொன்னேன். அவர் புன்னகைத்து, கவனமாக மூன்று குட்டிகளைத் தெரிந்தெடுத்துக்கொண்டு போனார்.

மூன்றையும் பரிசோதித்தார். ஒன்றிலும் அந்தக் குணம் இல்லை. தொலைபேசியில் அழைத்தார். அது மொத்தத்துக்குச் சொல்கிற கணக்கு, ஒவ்வொரு குட்டியும் தனித்தனி அதிர்ஷ்டம் என்று அரை மணித்தியாலம் மன்றாடினேன். கணக்கு வாத்தியாருக்கு நான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்படியானால் என்னுடைய இரண்டும் வேறு யாரிடமோ இருக்கின்றன. தயவுசெய்து அவர்களுடைய முகவரியைத் தாருங்கள்.”

ஒரு கேள்வி

என்னிடம் இருந்தவற்றில் நான் பெருமைப்பட்டது ஒரு தேன் நிற ஆண் பாம்பைப் பார்த்துத்தான். விற்றவர் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவர். பரம்பரையில் ஒரு குறையும் இல்லை என்று கையைப் பிடித்துச் சொன்னார். நானும் அதன் முதல் ஈற்றுக் குட்டிகளில் பதினொன்றை, “பரம்பரை சுத்தம்” என்று எழுதிக் கையொப்பமிட்டு விற்றேன். பன்னிரண்டாவதாக ஒரு பெண் குட்டியை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

பான் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் வித்யா என்ற கோயம்புத்தூர்க்காரி அடுத்த ஈற்றுக்குச் சொல்லிவைக்க வந்தார். அந்தத் தேன் நிறத்தில் ஒரு நரம்புக் கோளாறும் சில வேளை ஒளிந்து வருமே, தகப்பனைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டார். கழற்றிய சட்டையில் ஒரு துண்டை உறையில் போட்டு அனுப்பினால் போதும் என்றார். என் ஆண் பாம்பு கழற்றிய சட்டைகள் எல்லாம் குப்பைக்குப் போயிருந்தன. நான் அதை எனக்கு விற்றவருடைய அனுபவம், பெயர், நேர்மை எல்லாவற்றையும் விரிவாக எடுத்துச் சொன்னேன். வித்யா தேநீரைக் குடித்து முடித்தார், ஒன்றும் வாங்கவில்லை. “சார், நான் பாம்பப் பத்திக் கேட்டேன். நீங்க அத வித்தவரப் பத்திச் சொல்றீங்க.”

அப்பனும் மகளும்

வித்யா போனபின் கோபம்தான் வந்தது. அடுத்த நாளே ஓர் உறையில் முத்திரை ஒட்டியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விடை வந்துவிடுமோ என்று பயந்தேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

தேன் நிறக் குட்டி வேண்டுமென்றால் தகப்பனோடு மகளைச் சேர்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எனக்கென்று வைத்துக்கொண்ட பெண் குட்டியும் வளர்ந்துவிட்டது, அதற்குள் அந்த நிறம் ஒளிந்திருக்குமே. சேர்த்தேன். ஒன்பது குட்டிகள். நான்கு அசல் தேன். இரண்டு, தலையை முதுகுப் பக்கமாக வளைத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. ஊர்ந்தால் புரண்டு விழுந்தன. எலிக்குஞ்சை நீட்டினால் அதற்கு எதிர்ப்பக்கம் வாயைத் திறந்தன. தகப்பனும் மகளும் அந்தக் கோளாறையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

மிருக வைத்தியர் இரண்டையும் மேசையில் விட்டுப் பார்த்தார். சாப்பிட முடியாமல் அணு அணுவாகச் சாகவிடாமல் ஊசி போடுவதே நல்லது என்றார். நான் தலையாட்டினேன். பெற்றோர் யார் என்று கேட்டார், சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார். “இதை நான் நோய் என்று எழுதவா, உங்கள் யோசனை என்று எழுதவா?”

அன்ரனின் ஆலோசனை

விற்ற பதினொன்றில் ஒவ்வொன்றும் அந்தக் கோளாறைச் சுமக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சுமக்கிற பாம்புக்கு ஒன்றும் ஆகாது, சுகமாக வாழும். அதை இன்னொரு சுமக்கிற பாம்போடு சேர்த்தால்தான் வில்லங்கம். நான் வாய் திறந்தால், இனி என் எழுத்தை ஒருவரும் நம்பப்போவதில்லை. திறக்காவிட்டால், கூரை பார்க்கும் குட்டிகள் யார் யார் வீட்டிலோ பொரிக்கும்.

கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்குகிற அன்ரனிடம் சொன்னேன். மன்னார்க்காரன், எதற்கும் கலங்காதவன்.

“நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“பிறகென்ன?”

“என்ரை கையெழுத்தெல்லே இருக்கு.”

அவன் அடுக்கின பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தான். “அண்ணை, பாம்பும் சும்மா கிடக்குது, வாங்கின சனமும் சும்மா கிடக்குது. நீங்கள் மட்டும் ஏன் கிடந்து துடிக்கிறியள்?”

பதினொன்று

ஒரு சனிக்கிழமை காலை, பழைய விற்பனைச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கியவர்களை அழைக்கத் தொடங்கினேன். ஒருவர் கத்தினார். ஒருவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, தன் பூனைக்குத் தொற்றுமா என்றார். ஒருவருக்குப் பாம்பு தப்பியோடி இரண்டு வருடமாகிவிட்டது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் அழைக்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

கடைசியாக எசென் நகரில் பஸ் ஓட்டும் ஒரு பெண்மணி. ஆணும் பெண்ணுமாக இரண்டு வாங்கியவர். நான் மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்புவித்தேன். அவர் மெதுவாகச் சொன்னார். போன கோடையில் அவரிடம் முட்டைகள் பொரித்தன. மூன்று குட்டிகள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்து செத்துப்போயின. கடும் வெயில் வாரம் அது. இவர் இரட்டை வேலையில் நின்றிருக்கிறார். அடைபெட்டியின் சூட்டைக் கவனிக்காமல் விட்டது தன் பிழை என்று முடிவு செய்து, அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, இனி ஒரு உயிரையும் பொரிக்கவைப்பதில்லை என்று இருந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. “அப்படியென்றால் அந்த முட்டைகளை நான் அவித்துவிடவில்லையா?”

இந்தத் தொழிலில் ஒளிந்திருப்பதெல்லாம் ஒருநாள் வெளியே வந்துவிடும், ஆனால் அது முதலில் வருவது விற்றவன் வீட்டிலல்ல, அவனை நம்பி வாங்கியவர் வீட்டில்.